நாலுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று

கே: காவிரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் ஒன்றா சார்?

ப: ருசியில் இல்லை. விலையில் சத்தியமாக இல்லை. கலந்திருக்கும் உப்பு, சுண்ணாம்பையெல்லாம் நீக்கிவிட்டால் மூன்றும் ஒன்றுதான்: 9 கிராமில் ஹைட்ரஜன் 1 கிராம், ஆக்சிஜன் 8 கிராம். பள்ளியில் 'மாறா விகித விதி' என்று உருப்போட்டோமே, அதுதான்.

கே: மாமியார் அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று போடுகிறார். நான் மூன்றுக்கு ஒன்று. இரண்டும் இட்லிதானே?

ப: இட்லிதான். மாவு என்பது கலவை. கூட்டலாம், குறைக்கலாம், சண்டையும் போடலாம். சேர்மத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஹைட்ரஜன் 1-க்கு ஆக்சிஜன் 16 சேர்ந்தால் அது புண்ணில் ஊற்றினால் பொங்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. நடுவில் 12 என்று தனிச் சரக்கு எதுவும் இல்லை.

கே: இதை யார் நிறுத்துப் பார்த்தது?

ப: ஜோசப் பிரௌஸ்ட். பிரெஞ்சுக்காரர், வேலை ஸ்பெயினில். செம்பை அமிலத்தில் கரைத்து, சோடா போட்டுப் பச்சைக் கார்பனேட்டாகப் படியவைத்தார். கந்தக அமிலமோ நைட்ரிக் அமிலமோ, 100 பங்கு செம்புக்கு 180 பங்கு கார்பனேட். மண்ணுக்குள் தானாக விளைந்த கார்பனேட்டிலும் அதே விகிதம். 1799-ல் எழுதிவைத்தார். (இன்றைய கணக்கில் அது 174. அன்றைய தராசுக்கு இவ்வளவு நெருங்கியதே பெரிது.)

கே: எல்லோரும் கைதட்டினார்களாக்கும்?

ப: நடந்தது விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதை. எதிரே நின்றவர் பெர்த்தோலே, நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்தவர். அங்கே உப்பு ஏரிக் கரையில் உப்பும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து சோடா உண்டாவதைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் நடப்பதற்கு நேர் தலைகீழ்! பொருளின் அளவு கூடினால் வினையின் திசையே மாறும் என்று புரிந்துகொண்டார். அது சரி. அதோடு நின்றிருக்கலாம். சேர்மத்தின் விகிதமும் அப்படியே மாறும் என்று ஒரு படி தாண்டிவிட்டார். உலோகக் கலவையையும் கண்ணாடியையும் சாட்சிக்கு இழுத்தார். "அவை சேர்மமே இல்லை" என்றார் பிரௌஸ்ட். வெள்ளீயத்துக்கு இரண்டே ஆக்சைடு, நடுவில் தெரிவதெல்லாம் அந்த இரண்டின் கலப்படம் என்றும் காட்டினார். ஏறக்குறைய எட்டு வருடம் மரியாதையாகவே மோதினார்கள். பிறகு டால்டனின் அணுக்கொள்கை வந்தது. அணுவை அரையும் காலுமாகப் பிரித்துச் சேர்க்க முடியாதே!

கே: அப்போ பெர்த்தோலே முழுத் தோல்வியா?

ப: முக்கால்தான். உஸ்டைட் என்றொரு இரும்பு ஆக்சைடு. 100 ஆக்சிஜன் அணுவுக்கு 100 இரும்பு அணு இருக்க வேண்டும். பெரும்பாலும் 95-ஐத் தாண்டுவதில்லை. படிகத்துக்குள் அங்கங்கே இரும்பின் இடம் காலி. வெப்பநிலைக்குத் தக்கபடி அந்தக் காலி இடங்களும் கூடும், குறையும். இந்த ரகத்துக்குப் பின்னாளில் வைத்த பெயர் 'பெர்த்தோலைடு'.