கேள்வி–பதில்: புலிக்குச் சொல்லி அனுப்ப முடியுமா?

கே: மலை, ஏரி, விலங்கு எல்லாம் சேர்ந்த தேசியப் பூங்கா ஒன்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் எது?
- வாசகி, கரமனை

ப: மாவட்டத்துக்குள் தேசியப் பூங்கா கிடையாது. இருப்பவை இரண்டு சரணாலயங்கள்: 1958இல் வந்த நெய்யாறு, 1983இல் வந்த பேப்பாறை. இரண்டின் நடுவிலும் ஓர் அணைக்கட்டு ஏரி உண்டு. பேப்பாறை ஏரியை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், டம்ளரில். அங்கே தேங்கும் கரமனையாற்றுத் தண்ணீர்தான் அருவிக்கரை வழியாக நகரத்துக் குழாய்க்கு வருகிறது. 'ஆனை குளித்த தண்ணீரா?' என்று அடுத்த கார்டு போடாதீர்கள். சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள்.

கே: சரணாலயம், தேசியப் பூங்கா... போர்டு மட்டும்தான் வேறா?
- வாசகர், தைக்காடு

ப: சட்டமே வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் மக்களுக்கு முன்பிருந்த சில உரிமைகளைத் தொடர விடலாம். தேசியப் பூங்கா என்றால் அந்த உரிமைகளையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் அறிவிக்க முடியும். மாடு மேய்க்கவும் வழியில்லை.

நம் பக்கத்துக் காட்டுக்குள் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைப் பற்றிப் பேச முடியாது. 1987இல் மலையேறிய விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிக்காரர்களோ ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஒப்பந்தம். அறிவுக்குக் கூலி கொடுத்த கதை நம் நாட்டில் அபூர்வம். இதை உலகமெங்கும் இன்னும் உதாரணம் காட்டுகிறார்கள்.

கே: நெய்யாறு அணைக்குப் போனேன். முதலைகளுக்குத் தண்ணீர் இருக்கிறது. எங்கள் வயலுக்கு?
- விவசாயி, விளவங்கோடு

ப: நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் உங்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. முதலைக்கு வக்கீல் தேவைப்படவில்லை. அது தண்ணீரிலேயே இருக்கிறது.

கே: நெய்யாற்றில் சிங்க சஃபாரி இருந்ததே?
- வாசகர், காட்டாக்கடை

ப: இருந்தது. 1980களில் தொடங்கினார்கள், சிங்கங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன, மூடியாயிற்று. இந்த மலையில் சிங்கம் என்றைக்கும் இருந்ததில்லை. சிங்கவால் குரங்கு இருக்கிறது. அது வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், வாலாவது மிஞ்சும்.

கே: அகஸ்தியர்கூடத்துக்குப் பெண்கள் போகலாமா?
- கல்லூரி மாணவி, வழுதக்காடு

ப: தாராளமாக. வெகுகாலம் விடவில்லை. 2018 இறுதியில் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது; 2019 ஜனவரி முதல் பெண்கள் ஏறுகிறார்கள். உயரம் 1,868 மீட்டர். போனக்காட்டில் தொடங்கி, அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சி. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் சீசன்; வனத்துறையின் ஆன்லைன் முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மலை ஏறுவதைவிட டிக்கெட் எடுப்பது செங்குத்து. உச்சிக்குப் போய்க் கிழக்கே பார்த்தால் தாமிரபரணி பிறக்கும் காடு, மேற்கே பார்த்தால் நெய்யாறும் கரமனையாறும் பிறக்கும் காடு.

கே: அட்டைக்கு என்ன மருந்து?
- பயந்தவர், பேட்டை

ப: முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறை. இல்லாவிட்டால் உப்பு, மூக்குப்பொடி. அட்டை சருகின் நுனியில் பின்பக்கத்தை ஊன்றி எழுந்து நின்று, நூல் மாதிரி மெலிந்து, தலையை இங்கும் அங்கும் வீசித் துழாவும். உங்கள் மூச்சும் உடற்சூடும் காலடி அதிர்வும்தான் அதற்கு விலாசம். கடித்தது உங்களுக்குத் தெரியாது. ரத்தம் நிற்காதபோதுதான் தெரியும். பிய்த்து எறியாமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள்.

கே: அரிக்கொம்பன் நம் பக்கம் வந்துவிடுமா?
- வாசகர், நெடுமங்காடு

ப: 2023 ஏப்ரலில் அந்த ஆனையைச் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் தெருவில் நடந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து மேல் கோதையாற்றில் இறக்கியது. அந்தக் காடும் நெய்யாறு காடும் ஒரே காடு. நடுவிலுள்ள கோடு நம் வரைபடத்தில் மட்டும். ரேஷன் அரிசிக்காகக் கடையை உடைத்த ஆனையை லாரியில் ஏற்றி ஊர் மாற்றுவது தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. அது பிறந்த காட்டுக்குள் வீடும் கடையும் எப்படி முளைத்தன என்று யாரும் லாரி அனுப்பிக் கேட்கவில்லை.

கே: தேக்கடி ஏரி வெறும் அணைத் தண்ணீர்தானே? இயற்கையா அது?
- சந்தேகப் பிராணி, சாலை

ப: 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். காடு மூழ்கியது. மூழ்கிய மரங்களில் பல இன்றைக்கும் தண்ணீருக்கு மேலே கறுத்த மொட்டைக் கட்டைகளாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாராவின் இறகு நனைந்து ஊறிவிடும். மீன் பிடித்துவிட்டு வந்ததும் இரண்டு இறக்கையையும் கொடியில் போட்ட வேட்டி மாதிரி விரித்து வெகுநேரம் காயவைக்கும். படகு பக்கத்தில் வந்தாலும் மடக்காது. கட்டியவன் மனிதன், குடியிருப்பு அவற்றுடையது. 1978இல் சுற்றியுள்ள பெரியாறு காடு புலிகள் காப்பகம் ஆயிற்று, 1982இல் அதன் உட்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. நீங்கள் சபரிமலை போனவரென்றால் அந்தப் புலிகள் காப்பகத்துக்குள் ஏற்கெனவே நடந்திருக்கிறீர்கள்.

கே: தேக்கடியில் படகில் போனால் புலி வருமா?
- சிறுவன், கோட்டை

ப: சொல்லி அனுப்பினால் வராது தம்பி. மிளா, காட்டெருமை, நீர்நாய், அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம். மார்ச், ஏப்ரலில் காடு காயும்போது ஆனைகள் கரைக்கு இறங்கும். காலை முதல் படகில் போ. சிப்ஸ் பாக்கெட்டை வீட்டில் வை. புலி உன்னைப் பார்த்திருக்கும், அது போதும்.

கே: ஆனை தெரிய வேண்டுமானால் படகில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?
- குடும்பத் தலைவர், மணக்காடு

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்கமாட்டேன். 2009 செப்டம்பர் 30 அன்று மாலை 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது. கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாக எழுந்து சாய்ந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். படகின் கட்டுமானம் பற்றியும் பிறகு நிறையக் கேள்விகள் எழுந்தன. 45 பேர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. எந்தப் பக்கம் கிடைத்தாலும் உட்காருங்கள். உயிர்காப்புச் சட்டையைப் படகு கிளம்புமுன் கட்டுங்கள், பிள்ளைகளுக்கு முதலில். ஆனை எதிர்ப்பக்கம் தெரிந்தால் எழுந்திருக்காதீர்கள். திரும்பும்போது படகு அதே கரையைத்தான் கடக்கும்.