இரண்டு கோவிந்தராசுகள்

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் சம்பிரதாயம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இன்னும் க்ஷீணிக்கவில்லையாதலால், காளியப்பன் மகன் கோவிந்தராசு என ஒரே கிராமத்தில் இருவர் இருப்பதும், இருவரும் ஒரே நாளில் ஒரே ரக நெல்லில் நாற்பது மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுவந்து போடுவதும் ஓர் அதிசயமன்று. அவ்விருவரையும் ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளங்காட்டும் முதன்மைச் சாவி இல்லாத தரவுத்தள அட்டவணையில் ஏற்றி, வங்கிக் கணக்கு எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று காலியாக விட்டு, பின்னொரு நாள் ஒருவருக்கு மட்டும் அதை நிரப்பப் புறப்படுகிற குமாஸ்தாவின் தைரியமே அதிசயம்.

பிஎச்பிமைஅட்மின் என்னும் தரவுத்தளக் கருவி, தனித்துவமான பத்தி எதுவும் இல்லையென்று எச்சரித்துத் திருத்தும் வசதியையே மறைத்துக்கொள்ளும். அதை மீறி நேரே கட்டளை எழுதினாலோ, இரண்டு வரிகள் மாறின என்று கூச்சமில்லாமல் பதில் வரும்; ‘லிமிட் 1’ என்று சேர்த்தால் ஒரு கோவிந்தராசுக்குப் பணம் போவது நிச்சயம், எந்தக் கோவிந்தராசுக்கு என்பது ஈசுவர சித்தம்.

எட்கர் காட் என்னும் கணினி அறிஞர் 1970-ல் முதன்மைச் சாவியைப் பற்றி எழுதினார். சென்னை ராஜதானியின் நில அளவைக்காரர்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல் நட்டு, கிராமத்துக்குள் ஒரு வயலின் சர்வே எண் இன்னொன்றுக்கு வராதபடி செய்துவிட்டார்கள். வயலுக்குக் கிடைத்த அந்த அந்தஸ்து உழுகிறவனுக்கு வாய்க்க, ஆதாரின் 12 இலக்கங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

டீக்கடையில் இந்தச் சிக்கலே இல்லை: ஒருவர் மதகடிக் கோவிந்தராசு, மற்றவர் மூக்குப்பொடிக் கோவிந்தராசு. அட்டவணையில் அதற்குப் பத்தி கிடையாது. வரிசை எண் என்று ஒன்று இருக்கிறதே என ஆட்சேபிப்பீர்கள். இருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் 1-லிருந்து தொடங்குகிறது.