எந்தப் பக்கம் சாய்வது?

கோப்பின் பாதையில் கோப்புறைகளைப் பிரிக்க யூனிக்ஸ் முன்சாய்கோட்டை (/) வைத்துக்கொண்டது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸில் உட்கோப்புறை என்பதே கிடையாது; அங்கே அந்தக் கோடு கட்டளைகளுக்குப் பின்னால் விருப்பக் குறியாக வேலைக்கு அமர்ந்துவிட்டது. 1983-இல் 2.0 பதிப்போடு கோப்புறைகள் குடிவந்தபோது நாற்காலி காலியில்லை. உத்தியோகம் பின்சாய்கோட்டுக்கு (\) போனது. விண்டோஸ் இன்றும் அந்தப் பரம்பரைச் சொத்தில்தான் காலம் தள்ளுகிறது.

தொல்லை நிரலில் தெரியும். ஆங்கிலத்தில் 'நியூ' என்று பெயருள்ள கோப்புறையின் பாதையைப் பைத்தானில் அப்படியே எழுதினால், பின்சாய்கோடும் அடுத்த 'என்' எழுத்தும் கைகோத்துப் புதுவரிக் குறியாகிவிடும்; மிச்சமுள்ள இரண்டெழுத்து அடுத்த வரியில் அநாதையாக நிற்கும். இத்தனைக்கும் விண்டோஸின் உள்செயற்கூறுகள் பெரும்பாலும் முன்சாய்கோட்டையும் முணுமுணுக்காமல் ஏற்கும். கட்டளைச் சாளரம்தான் பழைய ஞாபகத்தில் முறைக்கும்.

2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்த பாத்லிப் நூலகம், பாதையின் துண்டுகளை வகுத்தல் குறியால் இணைக்கச் சொல்லிவிட்டு, கோட்டை இடத்துக்கேற்பச் சாய்த்துக்கொள்கிறது. ஆனால் ஆங்கில எழுத்து பெரியதா சிறியதா என்பது அதன் பொறுப்பல்ல; விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. விண்டோஸில் ஓடிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று படுத்துக்கொள்ளும். கோப்போ அதே கோப்புறையில், முதலெழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.