பழைய ஆங்கிலச் சேணத்தின் கைமாற்றம்: ஒரு ஜோடி காலுறையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பொருளை ஆராயப் புகுமுன் அதன் பெயரைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதிவிட வேண்டும் என்பது தமிழ் ஆய்வுலகின் எழுதாச் சட்டம். 'சேணம்' என்பதைச் 'சேண்' என்று பிரித்து, தொலைவுக்குக் கொண்டுபோவதால் சேணம் என்று முடித்துவிட ஒரு சாரார் தயாராக இருப்பார்கள். பாரசீகத்து 'ஜீன்' அல்லவா இங்கே 'சீனி' என்று வந்து உட்கார்ந்தது என்று மறுசாரார் கிளம்புவார்கள். கலணை, பல்லணம் என்று இன்னும் இரண்டு சொற்கள் வாசலில் காத்துக்கொண்டிருக்கின்றன. இந்தச் சண்டையில் இறங்கும் எவரும் குதிரைமேல் ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆங்கிலச் சேணம் எது? கொம்பில்லாதது. அமெரிக்க மாட்டுக்காரர்களின் சேணத்தில் முன்பக்கம் ஒரு கொம்பு துருத்திக்கொண்டிருக்கும். சுருக்குக் கயிற்றில் மாட்டைப் பிடித்ததும் கயிற்றை அதில் சுற்றிக்கொள்வார்கள். ஆக, கிடைக்காத பொருளைக் 'குதிரைக் கொம்பு' என்று சொல்லும் வழக்கம் டெக்சாஸில் செல்லுபடியாகாது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. பட்டத்துக்கு இதுவே போதும் என்றாலும் ஆய்வு மேலே செல்கிறது.

ஆங்கிலச் சேணம் இங்கிலாந்தில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஸ்டூபன் 1894-லிருந்து செய்கிறது. இன்று கைப்பைக்குப் பெயர்போன எர்மெஸ், 1837-ல் பாரிஸில் குதிரை வார் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. நம் கான்பூரில் தைத்த 'ஆங்கில'ச் சேணங்கள் கப்பலேறிப் போகின்றன. பத்தமடைப் பாய்க்கு இருப்பதுபோல் கான்பூர்ச் சேணத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. என்றாலும் இத்தொழிலின் தாய்வீடு இங்கிலாந்தின் வால்சால் நகரம்தான். அந்த ஊர்க் கால்பந்து அணியையே 'சேட்லர்ஸ்', அதாவது சேணக்காரர்கள், என்றுதான் அழைக்கிறார்கள். எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1859-ல் பிறந்ததும் அங்கேதான். அவருக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு தகவல் இல்லாவிட்டால் தேர்வாளர் சந்தேகப்படுவார்.

இனி வகைப்பாடு. தடை தாண்டும் சேணம்: பக்கவாட்டு மடல் முன்தள்ளியிருக்கும், ஏறியவர் முழங்கால் மடங்க வேண்டுமே. டிரஸ்ஸாஜ் எனும் நடைப்பயிற்சிச் சேணம்: மடல் நேராகக் கீழே தொங்கும். பொதுச் சேணம்: இரண்டுக்கும் நடுவே, இரு தரப்பாரின் ஏளனத்துக்கும் உரியது. செயற்கைப் பொருள் சேணம்: ஈரத் துணியால் துடைத்தால் போதும், ஆராய ஒன்றுமில்லை.

அளவுக்கு வந்தால் மயக்கம் கூடுகிறது. ஏறுபவரின் இருக்கையை, முன்மேட்டுப் பக்கத்துக் குமிழ் ஆணியிலிருந்து பின்மேட்டின் நடுவரை, அங்குலத்தில் அளக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 17, 17½. குதிரையின் தோளுக்கு ஏற்ற உட்சட்டத்தின் அகலத்தையோ ஸ்டூபன் போன்றவர்கள் சென்டிமீட்டரில் குறிக்கிறார்கள். மேலே அங்குலம், கீழே சென்டிமீட்டர், நடுவில் கம்பளித் திணிப்பு. மற்றவர்கள் 'நேரோ', 'மீடியம்', 'வைட்' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் நேரோ. தி.நகரில் ரெடிமேட் சட்டை வாங்கிய எவருக்கும் இது தனியாக விளக்க வேண்டியதில்லை.

பழைய சேணம் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது அதைக் கட்டிப் பிடிப்பது. முன்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்மேட்டை இரு கைகளாலும் தன் பக்கம் இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சட்டம் மரபுப்படி பீச் மரத் தகடுகளை ஒட்டிச் செய்தது. வில்போன்ற எஃகுப் பட்டை வைத்ததானால் கொஞ்சம் நெகிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். இருக்கையின் குறுக்கே மடிப்பு விழுந்தாலோ, உள்ளே நறநறத்தாலோ சட்டம் உடைந்திருக்கலாம். அடுத்து மடலைத் தூக்கி, வயிற்று வாரை மாட்டும் பட்டைகளின் துளைகளைப் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தால் சரி. கண்ணீர்த்துளிபோல் நீண்டிருந்தால் அந்தக் கண்ணீர் அடுத்து வாங்குபவருடையது. இவ்வளவும் நடக்கும்போது விற்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏன் விற்கிறார்? இதில் எல்லா மூலங்களும் ஒருமிக்கின்றன: "குதிரை உடம்பு மாறிவிட்டது" (விற்பவர், தொலைபேசியில்). இது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி, வயது, புல் மூன்றும் குதிரையின் முதுகை மாற்றக்கூடியவைதான். ஆனால் மாற்றுப் பாடங்களும் கிடைக்கின்றன: "பெண் காலேஜுக்குப் போய்விட்டாள்" (அதே விற்பவர், மறுநாள்), "இடுப்பு ஒத்துழைக்கவில்லை" (அதே விற்பவர், தேநீருக்குப் பின், குரல் தாழ்த்தி), "இன்னொன்று வாங்கிவிட்டார், அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்?" (விற்பவரின் மனைவி, சமையலறையிலிருந்து, குழாய்ச் சத்தத்தின் ஊடே, ஒப்புநோக்குக: விற்பவரின் இருமல்). எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று முடிவு செய்யத் தனிக் குழு ஒன்று அமைக்க வேண்டும். அந்தக் குழு அமைவதற்குள் சேணம் விற்றுவிடும்.

இப்போது ஆய்வின் உயிர்நாடியான காலுறைக்கு வருவோம்.

பழைய சேணத்தை நம்பி யாரும் உடனே வாங்கிவிடுவதில்லை. சில நாள் முன்னோட்டத்துக்கு எடுத்துப்போவார்கள், பணத்தைக் கட்டிவிட்டுத்தான். சிக்கல் என்னவென்றால், அங்கவடி வார் மடலில் உராய்ந்து கோடு போட்டுவிடும். கோடு விழுந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பார் விற்பவர். ஆகவே விரல்பக்க முனையை வெட்டிய பழைய காலுறை ஒன்றை ஒவ்வொரு வாரிலும் ஏற்றி, தோல் தோலைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கிறார்கள். பத்தாண்டு புழங்கிய பொருளை, புழங்கும் என்பதை உறுதிசெய்ய, புழங்காதது மாதிரி புழங்கித் திருப்பித் தர வேண்டும். அத்வைதத்தில்கூட இவ்வளவு நுட்பம் கிடையாது.

முதல் கேள்வி பெயர் பற்றியது. காலில் இல்லாத காலுறை காலுறையாகுமா? தோலுக்குப் போட்டதால் 'தோலுறை' என்பதே தகும் என்பர் கலைச்சொல்லாக்கத் துறையினர். அவர்கள் கூடி இச்சொல்லை ஏற்று, பிறகு வேறு சொல்லுக்கு மாறி, இறுதியில் எல்லோரும் 'சாக்ஸ்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது கேள்வி நீளம். கணுக்கால்வரை வருவது பற்றாது, முழங்காலைத் தொடும் பள்ளிக்கூடக் காலுறையே தேறும். மூன்றாவது, ஒரே ஜோடியா, வேறுவேறு ஜோடியிலிருந்து ஒவ்வொன்றா? ஒருநிறவாதிகள் முன்னதையும், வீட்டில் துணி மடிப்பவர்கள் பின்னதையும் ஆதரிக்கிறார்கள். காலுறைக்குப் பதில் குதிரையின் கால்கட்டைச் சுற்றும் திருத்தல்வாதிகளும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை, மனமும் இல்லை.

இத்தனை விவாதத்திலும் கேட்கப்படாத சான்று ஒன்று உண்டு. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் பின்னே போகக் கூடாது. அதன் அடியில் நடுவே ஓடும் கால்வாய் முதுகெலும்பைத் தொடக் கூடாது. ஓட்டி முடித்துச் சேணத்தை இறக்கினால் வியர்வை இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்த வியர்வைக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் என்று ஐயுறுவார்கள். சேணம் படும் இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் வாக்குமூலம். வால்சால், ஸ்டூபன், எர்மெஸ் என்று நாம் அடுக்கிய சான்றுகளுக்கு எதிரே நிற்பது இதுதான் (குதிரை, காதுகளைப் பின்னே மடித்து, மேலும் காண்க: அதே குதிரை, வயிற்று வாரை இறுக்கும்போது, பற்கள், எதிர்வாதத்துக்கு: அதே குதிரை, இடது பின்னங்கால்).

ஒரு மாதிரிக் கைமாற்றை எடுத்துக்கொள்வோம். குதிரை மேற்கண்டவாறு கருத்துரைத்துவிட்டது. வாங்க வந்தவர் ஐந்தாம் நாள் சேணத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து தருகிறார். விற்பவர் அதை விளக்கடியில் வைத்து, மடலில் விரலை மெல்ல ஓட்டுகிறார். கோடு ஒன்று தட்டுப்படுகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார். பத்தாண்டாகத் தானே போட்ட கோடு. ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணித் தருகிறார். வந்தவர் போன பிறகுதான் வார்களில் காலுறை அப்படியே இருப்பதைப் பார்க்கிறார். நீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. மறுவார விளம்பரத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: "வயதுக்குரிய தேய்மானம் உண்டு. காலுறைகளுடன்."