தீபாவளிக்குப் பட்டாசு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் ஏமாறப் போனால் அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதையாகிவிடும்.

விளம்பரத்தை நீங்கள் தேட வேண்டாம். ஃபேஸ்புக்கில் அதுவே வரும்: 'சிவகாசி ஃபேக்டரி விலை, 90 சதவீதம் தள்ளுபடி!' இங்கே லேசாகச் சந்தேகம் தட்டும். அடக்கிக்கொள்ளுங்கள். சிவகாசியில் ஒழுங்காகக் கடை நடத்துகிறவர்களே பட்டியலில் ஆயிரம் ரூபாய் என்று போட்டு, அதில் 80 சதவீதம் கழித்து இருநூறுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். வியாபாரி எண்பது கழிக்கிற ஊரில் திருடன் தொண்ணூறு கழித்தால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கும். 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைனில் பட்டாசு விற்பதில்லை, வேண்டியதைக் குறித்து அனுப்பினால் நாங்களே அழைப்போம் என்று. உண்மையான கடைகள் சட்டத்துக்குப் பயந்து போட்டதை இவர்கள் எழுத்துப் பிசகாமல் எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்ததும் 'பரவாயில்லையே, கோர்ட்டுக்குக் கட்டுப்பட்ட ஆளாக இருக்கிறானே' என்று நம்பிக்கை பிறக்க வேண்டும். எனக்குப் பிறந்தது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. நாளைக்குப் பணம் போனால், நாம் வாங்கியதே சட்டப்படி சரியா தப்பா என்ற குழப்பத்தில் போலீஸுக்குப் போகக் கால் கூசும்.

முகவரியில் 'சாத்தூர் ரோடு, சிவகாசி' என்று இருந்தால் போதும். கடை எண் எங்கே, உரிம எண் எங்கே என்று கிளறாதீர்கள். கூடப் படித்தவர், சம்பந்தி வீட்டு வகையில் சொந்தம் என்று சிவகாசிப் பக்கம் யாராவது இருந்தால், தப்பித் தவறியும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. டீ ஆறுவதற்குள், அப்படி ஒரு கடையே இல்லை என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார். 'கொரியரில் வீட்டுக்கே வரும்' என்றாலும் சரி என்றுவிடுங்கள். வெடிபொருளைத் தபாலிலும் பயணிகள் ரயிலிலும் ஏற்றவே கூடாது என்ற பொது அறிவு இந்த நேரத்தில் எதற்கு?

என் ஆள் கொஞ்சம் நாகரிகமானவர். லாரியில் அனுப்புவதாகத்தான் சொன்னார். "சார், ஃபுல் அமௌன்ட் போட்டுட்டீங்கன்னா ஒரு கிஃப்ட் பாக்ஸ் ஃப்ரீ." லட்சுமி வெடி, புஸ்வாணம், தரைச்சக்கரம், பேரனுக்குக் கம்பி மத்தாப்பு எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் ஒரு பெயர் வருமே, அதைப் படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்குப் பார்த்து படித்துத் தொலைத்தேன். முருகன் பெயரில் டிரேடர்ஸ் நடத்துகிறவரின் கணக்கு, இந்தப் பக்கத்தில் கேட்டறியாத ஒரு வடக்கத்திப் பெயரில் இருந்தது. கணக்குப்பிள்ளையாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ரகசிய எண்ணைத் தட்டினேன். திருடனுக்குப் பதில் நாமே பேசிவிட்டால் அவருக்கும் வேலை மிச்சம்.

மறுநாள் லாரி ரசீது படமாக வந்தது. மங்கலான தாளில் என் பெயர் மட்டும் பளிச்சென்று வேறு எழுத்தில் இருந்தது. அதைக் காட்டியபோது லாரி ஆபீஸ்காரர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "இது போன வருஷ ரசீது சார். இந்த வாரத்துல நீங்க ஆறாவது ஆளு."

சாதாரண ஆட்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நன்றாக ஏமாற விரும்புவோருக்கு இரண்டாம் சுற்று இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆர் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை, கொடுப்பதற்கு மட்டும்தான் தேவை என்பதை அந்த ஐந்து நிமிடம் மறந்திருந்தால் இன்னொரு நாலாயிரமும் போய்விடும். மருமகள் போனைப் பிடுங்கியதால் இந்தச் சுற்றில் நான் தேறவில்லை.

கடைசி வேலைதான் முக்கியம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே போன் செய்துவிடாதீர்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியில் நிறுத்திவைத்துவிடும் அபாயம் இருக்கிறது. இரண்டு நாள் வெட்கப்படுங்கள். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று யோசியுங்கள். நான் அழைத்தது ஆறாம் நாள். எதிர்முனையில் பேசிய பெண் கோபப்படவில்லை. "ஏன் சார் இவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டார். பட்டாசு ஒன்றாவது வந்துவிடாதா என்று பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

வீட்டில் கேட்டால் லாரி எங்கேயோ நிற்கிறது என்று சொல்லிவையுங்கள். என்னுடையது இரண்டு தீபாவளியாக விருதுநகர் தாண்டி வந்துகொண்டிருக்கிறது.