நிலவுத் திட்டத்திலிருந்து மாகாண ஆட்சிக்கு

கேள்வி: நிலவுக்குக் கலம் அனுப்பிய பொறியாளரை ஆளுநராக்கியது சீனா. அப்படிப்பட்டவர் ஆண்டால் ஆட்சி பழுதில்லாமல் ஓடுமா?

பதில்: கலம் கட்டளைக்குக் கீழ்ப்படியும், மலையாகக் குவிந்த மண் கீழ்ப்படியுமா? சீன தேசிய விண்வெளி நிர்வாகத்தின் தலைவராயிருந்த மா சிங்ருய், 2013இல் குவாங்தோங் அரசியலுக்கு வந்து, 2017இல் அந்த மாகாணத்தின் ஆளுநரானார். இடையில் அவர் அங்குள்ள ஷென்ஜென் நகரக் கட்சிச் செயலாளராக இருந்தபோது, 2015 டிசம்பர் 20 அன்று கட்டுமானக் கழிவு மண் சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் குவியல் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்நகரில் பஞ்சமில்லை; எச்சரிக்கையைக் கேட்கும் காதுக்குத்தான் பஞ்சம். பொறியியல் படிப்பு வீண் என்பதல்ல. ரயில், துறைமுகம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் அந்த அறிவு வேண்டும். ஆனால் ஆளுநருக்கு மேலே மாகாணக் கட்சிச் செயலாளர் இருக்கிறார். இருவரையும் வாக்குச் சீட்டால் மாற்றும் உரிமை மக்களுக்கு இல்லை.