மேல்மடைக்காரர்

1998 அக்டோபரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் வந்து இறங்கினேன். 26 வயது. பழைய கோபோல் நிரல்களில் ஆண்டு வரும் இடங்களைத் தேடிப் பிடித்து, இரண்டு இலக்கத்தை நான்கு இலக்கமாக்குவது வேலை. என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்களை அன்று விமானம் ஏற்றிய சொல் ஒய்டூகே, அதாவது 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல். நான் பிறந்தது காவிரியின் கடைமடையில், தண்ணீர் வருமா வராதா என்று ஆடி மாதம் முழுக்க வாய்க்காலைப் பார்த்துக் கிடக்கும் ஊரில். படித்து அங்கிருந்து வெளியேறுவதுதான் வாழ்க்கை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். நானும் முழு மனதோடு நம்பினேன்.

வந்த சில மாதங்களில் ஒரு பழைய புத்தக விற்பனையில் அரை டாலருக்கு ஒரு கட்டுரைத் தொகுப்பு வாங்கினேன். 'வாட் ஆர் பீப்பிள் ஃபார்?' என்று தலைப்பு. மனிதர்கள் எதற்காக? எழுதியவர் வெண்டல் பெரி. தான் ஏன் கம்ப்யூட்டர் வாங்கப் போவதில்லை என்று 1987-இல் அவர் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று அதில் இருந்தது. பகல் வெளிச்சத்தில் பென்சிலாலோ பேனாவாலோ அவர் எழுதுகிறார். 1956-இல் புதிதாக வாங்கிய ராயல் தட்டச்சுப்பொறியில் மனைவி அதைத் தட்டித் தருகிறார். அதில் ஒரு குறையும் இல்லாதபோது இன்னொரு கருவி எதற்கு என்று கேட்டிருந்தார். புதுக் கருவிக்குச் சில நிபந்தனைகளும் வைத்திருந்தார்: பழையதைவிட மலிவாக இருக்க வேண்டும், குறைந்த சக்தியில் ஓட வேண்டும், பக்கத்திலேயே பழுதுபார்க்க முடிய வேண்டும், குடும்பம், அக்கம்பக்கம் உட்பட ஏற்கெனவே நன்றாக இருக்கும் எதையும் அது அப்புறப்படுத்தக் கூடாது.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் சோற்றுக்கு வழி காட்டிய பெட்டியை ஒருவர் வேண்டாம் என்கிறாரே என்ற கோபம். மனைவியை இலவசத் தட்டச்சராக வைத்திருக்கிறீர்களா என்று, கட்டுரையை வெளியிட்ட 'ஹார்ப்பர்ஸ்' இதழுக்கு வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் அவர் மறைக்காமல் அந்த நூலிலேயே சேர்த்து, பதிலும் எழுதியிருந்தார். அந்த நேர்மைதான் என்னைப் புத்தகத்தை மூட விடவில்லை. முன்னுரையைப் பார்த்தபோது ஊர்ப் பெயர் தெரிந்தது. போர்ட் ராயல், ஹென்றி கவுண்டி. என் அடுக்குமாடி வீட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

ஒரு சனிக்கிழமை போனேன். ஒரு கடை, ஒரு தேவாலயம், சில வீடுகள், அவ்வளவுதான் ஊர். சரிவுகளில் கறுப்பு வண்ணம் அடித்த பெரிய கொட்டகைகள் நின்றன. அறுத்த புகையிலையைத் தடியில் குத்தி, அடுக்கடுக்காக மேலே தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்தும் கொட்டகைகள் அவை. கீழே கென்டக்கி ஆறு, பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் வீட்டைத் தேடிப் போகவில்லை. அமைதியாக இருக்க விரும்பி ஊர் திரும்பிய மனிதரின் கதவைத் தட்டுவது சரியாகப் படவில்லை. அரை மணி நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரி 1934 ஆகஸ்ட்டில் ஹென்றி கவுண்டியில் பிறந்தவர். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் குறைந்தது ஐந்து தலைமுறையாக அதே கவுண்டியில் விவசாயம் செய்தவர்கள். ஆனாலும் முதலில் அவரும் நம்மைப் போலத்தான் கிளம்பிப் போனார். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பட்டங்கள். 1958-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னரிடம் எழுத்துப் பயிற்சி. எழுத்தாளர்கள் எர்னஸ்ட் கெய்ன்ஸும் கென் கீசியும் அங்கே பழக்கமானவர்கள். 1960-இல் முதல் நாவல். கூகன்ஹைம் நல்கையில் இத்தாலியும் பிரான்சும். 1962-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

1964-இல் கென்டக்கிக்கே திரும்புகிறேன் என்றபோது, துறையின் மூத்தவர் ஒருவர் தன் அறைக்கு அழைத்துப் புத்தி சொன்னதைப் பெரி பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறந்த ஊருக்குத் திரும்ப யாராலும் முடியாது என்று நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃப் சொன்னதை அந்த மூத்தவர் எடுத்துக்காட்டினாராம். எழுத்தாளனுக்கு நியூயார்க்கைவிட்டால் வேறு கதி ஏது என்பதுதான் அன்றைய எண்ணம். பெரி கேட்கவில்லை. 1965-இல் போர்ட் ராயல் அருகே ஆற்றோரம் 12 ஏக்கர் வாங்கி, மனைவி டான்யா, இரண்டு குழந்தைகளுடன் குடியேறினார். நிலம் பிறகு 117 ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது. குதிரை பூட்டி உழுதார், ஆடு வளர்த்தார், லெக்சிங்டனுக்குப் போய்ப் பாடம் நடத்தினார், கவிதையும் கதையும் கட்டுரையும் எழுதினார். 1979 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் நடந்து அவர் எழுதிய ஓய்வுநாள் கவிதைகள் பல தொகுதிகளாக வந்தன.

இதையெல்லாம் அன்று நான் ஊர் திரும்பும் கதையாக மட்டுமே படித்தேன். அப்போது எங்கள் வார இறுதி விருந்துகளில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்: எப்போது திரும்பிப் போகிறோம்? இரண்டு வருடம், ஐந்து வருடம், பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள். பெரியின் புத்தகத்தை நண்பர்களிடம் காட்டி, "பாருங்க, ஒருத்தர் திரும்பிப் போயிருக்காரு" என்பேன்.

நான் திரும்பவில்லை. 2000 பிறந்தது, ஒப்பந்தம் முடிந்தது. சார்லட், டாலஸ், சான் ஹொசே என்று ஊர்கள் மாறின. ஆறு வீடுகள். எந்த வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயருக்கு மேல் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. கடைசியாக இருந்த நிறுவனம் என் ஒன்பது வருட உழைப்பை ஒரு மின்னஞ்சலில் முடித்துவைத்தது. 2021-இல் மனைவிக்கு லூயிவில்லில் வேலை கிடைத்தது. 21 வருடம் கழித்து அதே நகரத்துக்கு வந்தோம். பழைய பெட்டியில் அந்த அரை டாலர் புத்தகம் இருந்தது.

மறுபடி போர்ட் ராயல் போனேன். ஆறு அப்படியே இருந்தது. கொட்டகைகளில் சில சாய்ந்திருந்தன, சிலவற்றில் கூரைத் தகரம் பெயர்ந்திருந்தது. காரணம் எனக்கு இப்போது தெரியும். சிறு விவசாயியின் புகையிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்க, விளைச்சலை அளந்து விலையைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அதைக் கட்டிக் காத்தவர்களில் ஒருவர் பெரியின் தந்தை, வழக்கறிஞர் ஜான் பெரி. அவருக்கு ஆறு வயதானபோது, 1907 தொடக்கத்தில், அவருடைய அப்பா ஒரு வருட விளைச்சலைக் கொண்டுபோய் லூயிவில் ஏலத்தில் விற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். புகையிலைச் சந்தை முழுவதும் ஒரே கம்பெனியின் பிடியில் இருந்த காலம். அந்த இரவைச் சிறுவன் மறக்கவில்லை. அவர் மகனும் மறக்கவில்லை. 2025-இல், 91 வயதில், அதே இரவை வைத்து ஒரு நாவல் வெளியிட்டிருக்கிறார். புகையிலை உயிரைக் குடிக்கும் என்பதைப் பெரி மறைத்ததே இல்லை. ஆனால் இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று சேர்ந்து அறுத்த அக்கம்பக்கத்தார் அந்தப் பயிரால்தான் நிலத்தில் தங்க முடிந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார். 2004-இல் ஒரு சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது.

பெரி பிறந்த காலத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். பெரிய பண்ணைதான் பிழைக்கும் என்பதை அரசே கொள்கையாக வைத்திருந்த 1977-இல், அதை எதிர்த்து அவர் 'தி அன்செட்லிங் ஆஃப் அமெரிக்கா' எழுதினார். அதே ஆண்டு, அந்தக் கொள்கையின் முகமாக இருந்த முன்னாள் விவசாயச் செயலர் ஏர்ல் பட்ஸோடு ஒரே மேடையில் நின்று வாதாடினார். புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. பண்ணைகள்தான் நிற்கவில்லை.

நியூயார்க்கில் அன்று புத்தி சொன்ன மூத்தவரின் கணிப்பு பொய்த்துப்போனது. ஊருக்குப் போனால் எழுத்து அழியும் என்றார்கள். ஊர்தான் பெரியை எழுத வைத்தது. 2012-இல் மானுடப் பண்பியல் துறையில் அமெரிக்க அரசு அளிக்கும் பெரிய மரியாதையான ஜெஃபர்சன் சொற்பொழிவு அவருக்குக் கிடைத்தது. வாஷிங்டன் மேடையில் நின்று தாத்தா வெறுங்கையோடு திரும்பிய அந்த இரவைத்தான் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2011 பிப்ரவரியில், நிலக்கரிக்காகக் கிழக்குக் கென்டக்கியின் மலைகளை உச்சியிலிருந்து வெடிவைத்துத் தகர்ப்பதை எதிர்த்து, ஆளுநரின் அலுவலகத்தில் ஒரு வார இறுதி முழுக்கத் தோழர்களோடு தங்கினார். 76 வயதில் தரையில் படுத்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 2 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா அவருக்குத் தேசிய மானுடப் பண்பியல் பதக்கம் அணிவித்தார். நாடு அவரைக் கொண்டாடியது. மலைகள் தொடர்ந்து தகர்க்கப்பட்டன. அவருக்குத் தந்த மரியாதையில் கால் பங்கை அவர் சொன்னதற்குத் தந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பதக்கத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அதே 2011-இல் அவர் மகள் மேரி, பக்கத்து ஊரான நியூ காஸிலில் பெரி மையத்தைத் தொடங்கினார். கவுண்டியின் சிறு விவசாயிகள் வளர்க்கும் மாட்டிறைச்சிக்கு நியாயமான விலை கிடைக்க அந்த மையம் வழி செய்கிறது. தாத்தா ஜான் பெரி புகையிலைக்குச் செய்ததைப் பேத்தி இறைச்சிக்குச் செய்கிறார்.

இந்த முறை ஆற்றங்கரையில் நின்றபோது நிலப்படம் ஒன்று கையில் இருந்தது. கென்டக்கி ஆறு தொடங்குவது கிழக்கு மலைகளில். பெரி தரையில் படுத்தது அந்த மலைகளுக்காக. மலை உடைந்தால் மண்ணும் நஞ்சும் இறங்குவது அவர் வாசல் வழியாகப் போகும் தண்ணீரில்தான். போர்ட் ராயலைத் தாண்டி, கரோல்டனில் அது ஒஹாயோ ஆற்றில் கலக்கிறது. ஒஹாயோ அங்கிருந்து லூயிவில்லுக்கு வருகிறது. லூயிவில் குடிப்பது ஒஹாயோ தண்ணீர்.

கடைமடையில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவர் என்ன செய்கிறாரோ அதுதான் கீழே நம் வயலுக்கு வரும் என்பது சிறு வயதிலேயே தெரிந்த பாடம். அதைத் தெரிந்தவனாக இருந்தும், 1998-இலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. எங்கோ ஒரு மலைச்சரிவில் பழைய காலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்று நான் நினைத்த மனிதர், என் குழாயின் மேல்மடையில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அவர் புத்தகங்களை இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். திரும்பிப் போவது 1964-இல் ஒரே வருடத்தில் முடிந்த வேலை. அதற்குப் பிறகு அறுபது வருடமாக அவர் செய்ததெல்லாம் தங்கியதுதான். நானோ திரும்பவும் இல்லை, எந்த ஊரிலும் தங்கவும் இல்லை. நாளை கிளம்பப் போகிற ஊருக்கு இன்று என்ன செய்வது என்றே 23 வருடம் கழிந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை போகிறது. குடிவந்து ஒரு வருடம் கழித்துத்தான் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: பியர்கிராஸ். இப்போது சனிக்கிழமைகளில் தெருக்காரர்கள் நாலைந்து பேரோடு இறங்கி, அதில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் டயரும் பொறுக்குகிறேன். நாலைந்து பேரின் பெயரும் தெரியும், வீட்டு விஷயமும் தெரியும். பியர்கிராஸ் ஒஹாயோவில் சேர்கிறது. ஒஹாயோ மேற்கே போகிறது. அங்கே இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரம் அதே ஆற்றைத்தான் குடிக்கிறது. அவர்களுக்கு நான் மேல்மடை.